கதவு காத்தவர்களைக் கூட்டி வந்த அக்கா

எங்கள் அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், தோட்டத்து மக்களுக்கும், கீழ்க் கிராமத்து நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பழக்கம். ஆனால் அக்காவின் மகள், "மாமா, அம்மாகூட கடைசி வரைக்கும் இருந்தது நீங்கதான். நீங்களே எழுதுங்க, பிழை இருந்தா நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் வெளியூரில் பாலர் பாடசாலை ஆசிரியை. அவள் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவதில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியிருப்பதெல்லாம் நான் பார்த்ததும், அக்கா வாயால் கேட்டதும் மட்டுமே.

அக்கா வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பிறகு அண்ணன்மார் இருவர், கடைசியாக நான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. வரிசை வீடுகள் இருக்கும் லயம் வரைக்கும் வாகனம் வராது. ஒரு கம்பளியின் இரண்டு முனைகளையும் நீளக் கம்பில் கட்டி, அதில் அம்மாவைப் படுக்கவைத்து, ரோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். லயத்து ஆண்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவோடு சண்டை பிடித்து நான்கு வருடமாகப் பேசாமல் இருந்தவர். அக்கா காலில் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அந்த மனிதர் எப்படி வந்தார் என்று நான் பிற்காலத்தில் கேட்டேன்.

"அவரு சும்மாதான் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு தம்பி. யாரோ 'நீங்க அந்தப் பக்கம் புடிங்க'ன்னு சொன்னாங்க. சொன்னதும் ஓடி வந்து புடிச்சிட்டாரு. எல்லாருக்கும் மனசு இருக்கு. எந்தப் பக்கம் புடிக்கணும்னு ஒருத்தர் சொல்லணும், அவ்வளவுதான்" என்றார்.

அக்கா பிற்காலத்தில் செய்த எல்லாமே இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் மலை ஏறிக் கொழுந்து பறிக்கும் பலம் பிறகு அவருக்கு வரவில்லை. அக்கா எட்டாம் வகுப்போடு நின்று, சில வருடங்களில் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்தார். எங்கள் மூவரையும் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியது அவர்தான். அண்ணன்மார் படித்தார்கள். நான் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்றாலே எனக்கு உடம்பு நடுங்கும். அக்கா அதற்காக ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. ஆனால் அந்த வருத்தம் அவருக்குக் கடைசி வரைக்கும் இருந்தது.

இருபத்திரண்டு வயதில் கொட்டகலைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அத்தான் அதிகம் பேசாதவர், ஆனால் சிரிப்புக்காரர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னையும் அக்கா இங்கேயே அழைத்துக்கொண்டார். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் அறை வீட்டைக் காம்பரா என்போம். மேட்டு லயத்தில் அவருடைய காம்பராவுக்கு அடுத்த காம்பராவே எனக்கும் கிடைத்தது. முப்பத்து மூன்று வருடம் அக்கா இந்த மலையில் கொழுந்து பறித்தார்.

அக்காவைத் தோட்டம் முழுக்கத் தெரிந்துகொண்டது நோய் பரவிய காலத்தில்தான். எங்கள் தோட்டத்தில் ஏழு வீடுகளைத் தனிமைப்படுத்தினார்கள். அந்த வீட்டு வாசலைப் பார்க்கவே ஆட்கள் பயந்தார்கள். காலையில் கங்காணி ஆளுக்கு ஆள் வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். அக்கா சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் இன்னொரு பெரட்டு வைத்தார். யாரிடமும் "உதவி செய்வீர்களா" என்று அவர் கேட்டதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரால்தான் முடியும் என்பது போல ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்.

பணிய லயத்து முனியாண்டி அண்ணனுக்கு வாய் கொஞ்சம் அதிகம். மலைச்சரிவுக்குக் கீழே இருக்கும் லயத்தைப் பணிய லயம் என்போம். முதல் நாளே அவர், "வந்துட்டாங்கப்பா பீலிக் கங்காணி! சம்பளம் இல்லாத பெரட்டுக்கு என்னா அதிகாரம் பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவும் சிரித்துவிட்டு, "உங்க தொண்டைக்குத்தான் அண்ணே வேல வச்சிருக்கேன். அந்த ஏழு வீட்டு வாசலுக்கும் யாரும் போகக் கூடாது. மேட்டுல நின்னு என்னா வேணும்னு சத்தமாக் கேட்டுச் சொல்லணும். நீங்க கூப்பிட்டா கொட்டகலை ஸ்டேசன்ல நிக்கிறவன் திரும்பிப் பாப்பான்" என்றார். அடுத்த நாள் காலையிலிருந்து முனியாண்டி அண்ணனின் குரல்தான் அந்த ஏழு வீடுகளுக்கும் துணையாக இருந்தது. மருந்து, பால்மா, மண்ணெண்ணெய் என்று கேட்டதோடு அவர் நிற்கவில்லை. யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்பதையும் மேட்டில் நின்று கத்திச் சொன்னார்.

ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத நாத்தனார், அண்ணி இருவரை ஒரே உருளைக்கிழங்கு மூட்டைக்கு முன்னால் உட்காரவைத்தார். "பேச வேணாம், உரிச்சாப் போதும்" என்றார். மூன்றாம் நாள், தோலைத் தடிப்பாக உரிப்பதாக ஒருத்தி மற்றவளைப் பிடித்துக்கொண்டாள். பெரிய சண்டை. நாங்கள் விலக்கிவிடப் போனோம். அக்கா, "விடுங்க, பேசிட்டாங்கல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை. அதில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதை அக்கா யோசித்துத்தான் கொடுத்திருப்பார்.

அதற்குப் பிறகு மாவும் அரிசியும் எட்டாத விலைக்குப் போன காலம் வந்தது. கோயில் முற்றத்தில் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் சாயங்காலக் கஞ்சி காய்ச்சினோம். அப்போது அக்காவிடம் ஒரு தவறு நடந்தது. அவரைப் பெருமையாகச் சொல்லும் மலரில் அதை விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்காவே அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். விறகு வெட்ட வருவதாகச் சொன்ன ஒருவர் இரண்டு நாள் வரவில்லை. அக்கா அவரை எல்லோர் முன்னாலும், "சாப்பாட்டுக்கு மட்டும் பிள்ளைங்கள அனுப்பத் தெரியுதோ?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் தன் வீட்டில் இருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தான் வெறும் தேநீரோடு இருந்தார் என்பதும், கோடாரி தூக்கப் பலமில்லாமல்தான் வரவில்லை என்பதும் ரோஸ்மேரி சொல்லித்தான் தெரிந்தது. ரோஸ்மேரி பணிய லயத்தில் இருந்தவர், அக்காவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர். அடுத்த நாள் அக்கா அதே கோயில் முற்றத்தில், அதே ஆட்கள் முன்னால், அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து பெரட்டில் அக்காவின் முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். யாரையும் பசியோடு விடக் கூடாது என்பதை எங்கள் எல்லோர் மனதிலும் பதியவைத்தார்.

அந்தப் பாடம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இனிச் சொல்கிறேன்.

பெருமழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. கீழே கிராமத்துக்குப் போகும் பாதையில் மண் விழுந்து, வாகனம் வர வழியில்லாமல் போனது. பணிய லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் நிலம் வெடித்திருந்தது. கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு காம்பராவையும் உடனே காலி செய்யச் சொன்னார். சனங்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். அக்கா அன்று மத்தியானமே பள்ளிக்கூட வராந்தாவில் அடுப்பு மூட்டிவிட்டார். மேட்டு லயத்திலிருந்து விறகு வந்தது. கீழ்க் கிராமத்துச் சிங்களவரான சுனில், நான்கு பேரோடு மண்சரிவைச் சுற்றிக் காட்டு வழியாக முட்டைக்கோசும் மரக்கறியுமாக மூட்டை சுமந்து வந்தார்.

"அக்கே, பார நே, பாதை இல்ல. நடந்துதான் வந்தது. கோவா கொஞ்சம் நசுங்கிப் போச்சி" என்றார்.

"நசுங்குன கோவாதான் சீக்கிரம் வேகும். மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க" என்றார் அக்கா.

இரண்டாம் நாள் மத்தியானம் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஆளு கொறச்சலா இருக்கு, சட்டி மட்டும் காலியாகுதே" என்று ரோஸ்மேரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நான், தூக்குச்சட்டியை மழைக்கு இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணிக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கப் பார்த்தேன்.

"தம்பி, எங்க போற?"

அக்காவிடம் எனக்குப் பொய் வராது. "பணிய லயத்துக்குக்கா" என்றேன்.

"அங்க யாரு இருக்கா?"

"வீட்டுக்கு ஒருத்தரு."

"எப்ப இருந்து?"

"நேத்துல இருந்து. கதவு காக்குறாங்க. நாங்க நாலு பேரு மாறி மாறிச் சோறு கொண்டுபோறோம்."

வெளியூரில் இருந்து வந்திருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லயத்துக் காம்பரா எங்கள் பெயரில் இல்லை. எழுத்தும் இல்லை, உறுதிப் பத்திரமும் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் மகளின் பிரசவத்துக்காகப் பூட்டிவிட்டுப் போய், இரண்டு மாதம் கழித்து வந்தபோது உள்ளே வேறு குடும்பம் இருந்தது. அதிலிருந்து எங்கள் சனங்களுக்கு ஒரு பழக்கம். எல்லோரும் போக வேண்டி வந்தாலும் ஒருவர் வீட்டில் இருப்பார். கல்யாணமானாலும் சாவானாலும் கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். மலை வெடித்து நிற்கும்போதும் அதையேதான் செய்தார்கள். பன்னிரண்டு காம்பராவில் ரோஸ்மேரியின் வீட்டார் மட்டும் முழுக்க வந்துவிட்டார்கள். மற்றப் பதினொன்றிலும் ஆளுக்கொருவர் இருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள்.

நாங்கள் நால்வரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம். பசியோடு விடக் கூடாது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்காவிடம் சொன்னால் திட்டுவார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினொரு பேரும் அங்கே தைரியமாக உட்கார்ந்திருந்ததற்கு நாங்கள் கொண்டுபோன சோறும் ஒரு காரணம். இதை நான் இப்போதும் நினைத்து வருந்துகிறேன்.

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை. "நான் பழக்குன வேல" என்று மட்டும் சொன்னார்.

அடுப்படியில் நின்ற ஒருவர், "சோத்த நிறுத்துங்க அக்கா. வயிறு காஞ்சா தானா மேல ஏறி வருவாங்க" என்றார்.

"பட்டினி போட்டு மனுசன இழுக்கக் கூடாது. நாளைக்கி நம்ம குடுக்குற சோத்த யாரு நம்பிச் சாப்பிடுவா? சோத்த எடுங்க. நானும் வாறேன்" என்றார் அக்கா.

அத்தான் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு அவரோடு இறங்கினார். நான் பின்னால் தூக்குச்சட்டியோடு போனேன். முதல் நாள் விரல் நுழைந்த வெடிப்பில் அன்று ஒரு கால் நுழையும். லயத்துக்குப் பின்னால் சுவரிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அக்கா பதினொரு பேரையும் முனியாண்டி அண்ணனின் வாசலுக்கு வரச் சொல்லி, முதலில் சோறு போட்டார். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பரிமாறினார். பிறகு, "கைய கழுவிட்டுக் கெளம்புங்க" என்றார்.

முனியாண்டி அண்ணன்தான் பதில் சொன்னார். அன்று அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "தங்கச்சி, நீ மேட்டு லயத்துக்காரி. ஒன் தலைக்கு மேல மலை இல்ல. நீ சொல்லலாம். எங்க அப்பா செத்தது இந்தக் காம்பராவுல. எம் புள்ளைங்க பொறந்தது இதுல. இத விட்டுட்டுப் போனா, நாளைக்கி எட்டுப் பேரோட நான் எந்த ரோட்டுல நிப்பேன்? மழ நின்னுரும். போன காம்பரா திரும்பி வருமா?"

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒரு பெரியம்மா, "வாழ்ந்தாச்சு புள்ள. இருந்து பாக்குறோம்" என்றார்.

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான் அண்ணே. எனக்கு ஒண்ணும் போகாதுன்னா நான் சொல்லக் கூடாது. அதனால கேட்டுக்கங்க. ஒங்க காம்பரா போச்சுன்னா என் காம்பரா ஒங்களுது. நானும் இவரும் தம்பி வீட்டுல இருந்துக்குறோம். மத்த பத்து வீட்டுக்கும் மேட்டு லயத்துல எடம் கேக்குறது என் பொறுப்பு. எடம் கெடைக்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்த விட்டு நானும் எறங்க மாட்டேன்."

இப்படிச் சொல்லப் போவதாக அவர் அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "நம்ம வீட்டுல கூரத்தகரம் ஒழுகுமே, பரவாயில்லயா முனியாண்டி?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் யாருக்கும் சிரிப்பு வந்திருக்கக் கூடாது. ஆனால் முனியாண்டி அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். முதலில் அந்தப் பெரியம்மா எழுந்து சேலையை உதறினார். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முனியாண்டி அண்ணன் தன் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசியாக ஏறினார். அக்கா அவருக்கும் பின்னால் வந்தார். வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் கையைப் பிடிக்கப் போனேன். "ஏத்தம்னா எல்லாருக்கும் மூச்சு வாங்கும், போ" என்றார்.

அடுத்த நாள் காலை, பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பணிய லயத்தில் ஏழு காம்பராக்கள் மண்ணுக்குள் போய்விட்டன. முனியாண்டி அண்ணனின் காம்பரா இருந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி வேரோடு நின்றது. மற்ற ஐந்தும் இருக்கத் தகுதியில்லாமல் வெடித்துவிட்டன. ஓர் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சனங்கள் கதறினார்கள். அக்கா அழவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

சொன்ன சொல்லை அக்கா காப்பாற்றினார். சிலருக்குத் தற்காலிகக் கொட்டில்கள் கிடைத்தன. மேட்டு லயத்தில் வீட்டுக்கு வீடு ஏறி இறங்கி, மீதிப் பேருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். முனியாண்டி அண்ணன் குடும்பம் எட்டுப் பேரும் அக்காவின் காம்பராவுக்கு வந்தார்கள். அக்காவும் அத்தானும் என் வீட்டில், நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். பக்கத்துச் சுவர்தான். முனியாண்டி அண்ணன் இருமினாலும் எங்களுக்குக் கேட்கும். "தொண்டைய அன்னிக்கிக் கத்துன மேட்டுலயே வச்சிட்டு வந்திருக்கலாம்" என்று அக்கா சிரிப்பார்.

ஐந்து மாதம் அப்படி இருந்தார். இதயத்தில் கோளாறு என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார், எங்களிடம் சொல்லவில்லை. மாத்திரையைக் கொழுந்துக் கூடைக்குள் வைத்திருந்திருக்கிறார். ஒரு நாள் நிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரோஸ்மேரி மடியில் தாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் காலை அக்கா எங்களை விட்டுப் போனார். மகளும் அத்தானும் நானும் பக்கத்தில் இருந்தோம். அதற்கு முந்தைய நாள் என்னிடம் கடைசியாகக் கேட்டது, "முனியாண்டி அண்ணனுக்குப் புதுசா வீட்டுப் பேச்சு ஏதாவது வந்துச்சா?" என்பதுதான். இல்லை என்றேன்.

உடலை எங்கே இறக்குவது என்று வண்டியில் வரும்போது எனக்குக் கவலை. என் காம்பராவில் நான்கு பேர் சுற்றி நிற்கவும் இடமில்லை. லயத்துக்கு வந்து பார்த்தால், அக்காவின் காம்பரா முழுக்கக் காலியாக இருந்தது. பாயிலிருந்து சட்டி பானை வரைக்கும் எல்லாவற்றையும் முனியாண்டி அண்ணன் வீட்டார் வெளியில் கொண்டுவந்து, பனியில் படங்கு போட்டு மூடியிருந்தார்கள். தரையை மெழுகியிருந்தார்கள். எட்டுப் பேரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். "தங்கச்சி அவ வீட்டுல இருந்துதான் போகணும்" என்று முனியாண்டி அண்ணன் சொன்னார். அக்கா தன் வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்டார்.

காரியம் முடிந்த அன்று அவர்கள் உள்ளே வர மறுத்தார்கள். "இனிமே எப்புடிங்க?" என்றார்கள். அத்தான் அவர்களுடைய பாயைத் தானே தூக்கிக்கொண்டுபோய் உள்ளே விரித்துவிட்டு வந்தார். இன்றும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அத்தான் என்னோடு இருக்கிறார். பீலிப் பெரட்டு இப்போதும் நடக்கிறது. ரோஸ்மேரி நடத்துகிறார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் மாறி மாறி இருந்த பெண்களுக்கும், மண்சரிவுப் பாதையை மண்வெட்டியோடு வந்து திறந்த, பிறகு அக்காவைச் சுமக்கவும் வந்த சுனிலுக்கும் அவருடைய கிராமத்தாருக்கும், இடமில்லாத வீட்டிலும் இடம் கொடுத்த மேட்டு லயத்தாருக்கும், சமைத்தவர்களுக்கும் விறகு வெட்டியவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த அண்ணன்மார் குடும்பத்துக்கும், இந்த மலரை அச்சிட உதவியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக, அந்தப் பதினொரு பேருக்கும் ஒரு நன்றி. நீங்கள்தான் அக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்று மழையில் ஒரு பெண் வந்து சொன்ன வெறும் வார்த்தையை நம்பி, தலைமுறையாகக் காத்த கதவை விட்டுவிட்டு மேலே ஏறி வந்தீர்கள். நீங்கள் வராமல் இருந்திருந்தால், அக்கா அந்தச் சோற்றை நினைத்து நினைத்தே செத்திருப்பார். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். அடுத்த ஐந்து மாதமும் அக்கா என் வீட்டுத் தரையில், திரைக்கு அந்தப் பக்கம், நிம்மதியாகத் தூங்கினார். அதை நான் தினமும் பார்த்தேன்.